தடியனும் ஆசியப் போட்டியும்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி என்ன ஆகப்போகிறது? என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சொன்ன வாத்தியார் இப்போது பெரகல சந்தியில் என் ஆட்டோவில்தான் ஏறுகிறார். திட்டுவதில்லை, மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறார். ஆனால் மழை விடுகிற பாடாக இல்லை. சந்தியில் பனி இறங்கி எதிர்க்கடை பலகையே தெரியவில்லை. ஹயருக்கு ஒரு ஆளும் வரவில்லை. பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போனில் தட்டுகிறேன். ஹயர் வந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், யாரும் கோபிக்கக் கூடாது.

இது என் கூட்டாளியைப் பற்றியது. பெயரைப் போட்டால் அடிப்பான். அவன் அடித்தால் நான் ஹல்துமுல்லை வரைக்கும் உருண்டுதான் போக வேண்டும். அதனால் தடியன் என்றே சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவன் என்னைக் கொசு என்பான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பெரகலைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறினால் வரும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவனுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டுக் கருவாட்டு வாசம் எங்களுக்கு வரும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்குப் போகும். அவன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கொழுந்து பறிக்கிற பெண்களிலேயே குறைவாகப் பேசுகிறவள் அத்தை. நான் பத்து வார்த்தை கிண்டல் செய்தால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் பயப்படுவேன்.

தடியன் ரக்பிக்குப் போனது அரிசி மூட்டையால். பதுளையில் எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற ஒரு மொத்தக் கடையில் அவன் தாய்மாமன் வேலை பார்த்தார். பரீட்சையில் என்னைப் போலவே கோட்டை விட்டதும் இவனும் அங்கே மூட்டை இறக்கப் போனான். லொறியிலிருந்து இறங்கும் மூட்டையை இரண்டு பேர் பிடிப்பார்கள், இவன் ஒருவனாகத் தோளில் வாங்கி, பக்கத்தில் நிற்பவனோடு கதைத்துக்கொண்டே உள்ளே போவான். டவுன் மைதானத்தில் ரக்பி பழக்குகிற ஒருவர் அந்தக் கடையில்தான் சாமான் வாங்குவார். ஒருநாள் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலாளியிடம் சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம் கடன் கேட்டாராம். முதலாளி நல்ல மனுஷன், கொடுத்துவிட்டார்.

முதல் நாள் பழகிவிட்டு எனக்குப் போன் போட்டான். ஆள் முன்னால்தான் ஓட வேண்டுமாம், பந்தை மட்டும் பின்னால்தான் எறிய வேண்டுமாம். யாரடா இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தது, அவனுக்கு வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. முட்டுகிற கட்டத்தைப் பற்றிச் சொன்னான். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோர்த்து, தலையைக் குனிந்து, ஒரே உயிராக முட்டித் தள்ள வேண்டும். இவன் முன்வரிசை. மழைக்காலத்தில் கொழுந்து லொறி சேற்றில் இறங்கிவிட்டால் தோட்டமே சேர்ந்து தள்ளுமே, அது மாதிரியா என்று கேட்டேன்.

"அதேதான் மச்சான். ஆனா லொறியும் திருப்பித் தள்ளும்" என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கொழும்பில் ஒரு கழகம் கூப்பிட்டது. தங்க இடம், சாப்பாடு, காலையில் ஓட்டம். ஊருக்கு வரும்போது கழுத்து இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும், காது இன்னும் கொஞ்சம் சப்பையாக இருக்கும். ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்புகிற அன்றைக்கு அத்தை பூசிவிடுகிற விபூதியை, என் ஆட்டோ மெயின் ரோட்டில் ஏறியதும் கைக்குட்டையால் துடைத்துவிடுவான். சாமிக்குக் கொழும்பு டிக்கெட் இல்லையா என்று கேட்பேன். கழகத்தில் தோட்டத்துப் பையன் இவன் ஒருவன்தான். பேசினால் சிங்களத்தில் தமிழ் வாடை வருகிறதென்று ஆரம்பத்தில் சிரித்திருக்கிறார்கள். அதனால் குறைவாகப் பேசி நிறைய முட்டினான். அந்த விஷயத்தில் அம்மாவைப் போல.

போன வருஷம் ஆசியப் போட்டிக்கு இலங்கை அணியை எடுக்கும்போது முதல் தெரிவில் இவன் பெயரும் வந்தது. ஹொங்கொங், கொரியா, மலேசியா என்று நாடுகள் ஆடுகிற போட்டி. அந்தப் பெரிய கூட்டத்திலிருந்து கடைசிப் பயிற்சியில் சலித்து எடுப்பவர்களைத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். முன்வரிசைக்கு ஆள் குறைவு, இவன் இடம் உறுதி மாதிரிதான் என்று அணியைப் பழக்குகிறவரே சொல்லியிருந்தார். தோட்டத்தில் ஒருவனுக்கும் ரக்பி சட்டம் தெரியாது. ஆனால் எங்கள் லயத்துப் பையன் நாட்டுச் சட்டை போட்டு ஆடப்போகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற கங்காணியே அத்தையிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அது ஆசியப் போட்டியை விடப் பெரிய அதிசயம்.

முதல் தெரிவு நடக்கிறது என்று தெரிந்த அன்றே அத்தை யாரிடமும் சொல்லாமல் நேர்ந்துகொண்டிருக்கிறாள். பெயர் வந்தால் மகனைத் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதிக்க வைக்கிறேன் என்று. பெயரும் வந்தது, திருவிழாவும் வந்தது. கடைசிப் பயிற்சி திருவிழா முடிந்த பிறகுதான். நாள் நன்றாகப் பொருந்தியது. தடியன் லீவு சொல்லிவிட்டு வந்தான்.

கொடியேற்றுகிற அன்று காப்புக் கட்டுவார்கள். மஞ்சளில் நனைத்த நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கோர்த்து, நேர்ந்துகொண்டவர்கள் கையில் பூசாரி கட்டிவிடுவார். கட்டினால் கவுச்சி கிடையாது, தண்ணி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தீ மிதித்து, மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கோயிலில் வைத்துக் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் உள்ளேயே கிடக்க வேண்டும். எல்லை என்றால் கீழே இருக்கிற சின்னப் பாலம். பாலத்தின் ஓரத்தில் முனியாண்டி கல்லாக உட்கார்ந்து யார் போகிறார்கள், வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றவர்களுக்கு இது நம்பிக்கை. அத்தைக்கு அது மட்டும் இல்லை. தடியனுடைய அப்பா ஒரு திருவிழாவில் காப்புக் கட்டியிருந்தபோது, சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று பாலத்தைத் தாண்டி மரம் ஏற்றுகிற வேலைக்குப் போனார். லொறி பள்ளத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று தாதி அந்த நூலை வெட்டி, காகிதத்தில் சுற்றி அத்தையின் கையில் கொடுத்தாள். விடியுமுன் அவர் போய்விட்டார். அப்போது எங்களுக்குப் பல் விழுகிற வயசு. எனக்கு நினைவிருப்பது அத்தை அழாமல் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றது மட்டும்தான்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். சாயங்காலப் பூசை முடிந்து நடை சாத்தியாகிவிட்டது. கோயில் களத்தில் நானும் அவனும் தீக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் அடுக்குகிற மாதிரி நின்றேன், அவன் அடுக்கினான். போன் வந்தது. அணியின் மெனேஜர். விமான டிக்கெட் கிடைத்ததில் மாற்றமாம், கடைசிப் பயிற்சியை முன்னால் இழுத்துவிட்டார்களாம். நாளை காலை எட்டு மணிக்கு எல்லாரும் கொழும்பு மைதானத்தில் நிற்க வேண்டும். இவன் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே இறக்கினான். பிறகு மணிக்கட்டைப் பார்த்தான். என்ன என்று கேட்டேன். சொன்னான். அவனைக் கிண்டல் செய்ய என்னிடம் ஒன்றுமே இல்லாமல் போன நேரம் அது.

இரவு பஸ் பிடித்தால் விடியப் போய்ச் சேர்ந்துவிடலாம். காப்பை என்ன செய்வது? ஆடும்போது மணிக்கட்டில் டேப் சுற்றுவார்கள், அதற்குள் மறைத்துக்கொண்டு போகலாமா என்று அவனே கேட்டான். அத்தை வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"அவுக்கவும் வேணாம். அதோட போகவும் வேணாம்" என்றாள். அவ்வளவுதான். போகாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவன் சண்டையாவது போட்டிருப்பான்.

பூசாரி வீட்டுக்கு ஓடினோம். அவர் முதலில் திட்டினார், பிறகு யோசித்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். கூடப்பிறந்தவன் ஸ்தானத்தில் ஒருவன் வந்து நின்றால் நேர்த்திக்கடனை அவன் ஏற்றுக்கொள்ளலாம். இவன் கையில் அவிழ்த்து அவன் கையில் கட்டிவிடலாம். ஆனால் அது அம்மன் முன்னால், நடை திறந்திருக்கும்போதுதான் நடக்க வேண்டும். காப்புக் காலத்தில் சாத்திய நடையை விடியற்காலைப் பூசைக்கு முன் அவர் திறக்க மாட்டார். அவருடைய அப்பாவும் திறந்ததில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து பேசிப் பார்த்தார். தலைவர் பேச்சுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரையே எழுந்து நிற்பார், பூசாரி அசையவில்லை.

கூடப்பிறந்தவன் யார் என்று கேட்டார்கள். அவனுக்கு யாரும் இல்லை.

"எனக்குக் கட்டுங்க. நான் என்ன, கொரியாவுக்கா போகப்போறேன்?" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்தாள். அது வழக்கமான பார்வை இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன், அதோடு அது முடிவாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது, தாமதமாகும் என்று மெனேஜருக்கு இப்போதே சொல்லிவிடு என்றேன். போனை எடுத்தான். நம்பரை அழுத்தினான். மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டான்.

"என்னன்னு சொல்றது மச்சான்? கையில கயிறு கட்டியிருக்கேன், பூசாரி கதவு திறந்தாத்தான் வருவேன்னா? சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. நான் தெனமும் சிரிக்கிறேன், நீ என்ன செத்தா போய்ட்ட?"

"நீ சிரிக்கிறது வேற" என்றான்.

காலையில் பூசை முடிந்ததும் பூசாரி அவன் கையிலிருந்து அவிழ்த்து என் கையில் கட்டினார். அவன் கைக்குக் கட்டின நூல் என் கையில் இரண்டு சுற்று வந்தது. அத்தை மகனுக்கு விபூதி பூசினாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பாலத்துக்கு வந்ததும்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இப்போது காப்பு என் கையில். நான்தான் எல்லையைத் தாண்டக் கூடாது. பைத்தியக்காரன் மாதிரி ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். மெயின் ரோட்டுக்கு அங்கிருந்து நல்ல தூரம், இறக்கமும் வளைவுமாக.

கொரியாக்காரனை முட்டும்போது என் பெயரைச் சொல்லி முட்டு என்றேன். உன் பெயரைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்து கீழே விழுந்துவிடுவேன் என்றான். பாலத்தைத் தாண்டி, பனிக்குள் கொஞ்ச தூரம் முதுகு தெரிந்தது. விபூதியைத் துடைத்தானா என்று பார்த்தேன். கை மேலே போகவில்லை. இல்லை, போனது எனக்குத் தெரியவில்லையோ என்னவோ.

அன்று சாயங்காலம் போன் வந்தது. அணிக்கு எடுக்கவில்லை மச்சான் என்றான். என்னை ஏமாற்றுகிறான் என்று நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவன் திருப்பித் திட்டவில்லை. அப்போதுதான் புரிந்தது.

நடந்ததை ஒரே தடவையில் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மெயின் ரோட்டில் நின்றபோது பதுளையிலிருந்து வந்த பஸ்கள் நெரிசலில் நிறுத்தாமல் போயிருக்கின்றன. மைதானத்துக்குள் நுழையும்போது எல்லாரும் பகல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் தாமதம் என்று மெனேஜர் கேட்டார். கோபமாகக் கூட இல்லை. இவன், பெரகலையில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான். எங்கள் பக்கம் மழைக்கு அது வழக்கம்தான், யாரும் நம்புவார்கள். மெனேஜரும் நம்பினார். நம்பியதுதான் கெடுதலாகப் போனது. அவர் மனைவிக்கு ஊர் ஹப்புத்தளை. ஐயோ, ஆட்களுக்கு ஒன்றும் இல்லையே என்று பதறிப்போய், அங்கேயே நின்று மாமியார் வீட்டுக்குப் போன் போட்டார். மண்ணும் சரியவில்லை, கல்லும் சரியவில்லை, பஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். மெனேஜர் போனை வைத்துவிட்டு இவனைப் பார்த்தார்.

பிறகு பழக்குகிறவர் தனியாகக் கூப்பிட்டார். பிந்தி வந்தவனைக் கூட எடுத்துக்கொள்ளலாம், கூட நிற்பவர்களிடம் பொய் சொல்கிறவனோடு முன்வரிசையில் எவன் நம்பித் தோள் கோர்ப்பான், ஒருவன் நழுவினால் இன்னொருவனுக்குக் கழுத்து போய்விடும் என்று சொன்னாராம். கத்தவில்லை. சொல்லும்போது வாசலைக் காட்டுவதற்குக் கையை நீட்டினார். அப்போதுதான் இவன் பார்த்தான். அவர் மணிக்கட்டில் வெள்ளையாகப் புது நூல். திரும்பிச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தான். முக்கால்வாசிப் பேர் கையில் அதே நூல். போட்டிக்குப் போகிறவர்களுக்காகக் காலையில் விகாரையிலிருந்து ஹாமதுரு வந்து, பிரித் ஓதி, ஒவ்வொருவராகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"அவர் கையிலயும் நூல் இருந்துச்சுடா" என்றான் என்னிடம். இதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

"ஒரு பொய்யப் புடிச்சதுக்கப்புறம் நான் எதச் சொன்னாலும் அது ரெண்டாவது பொய்தான்" என்றான். பிறகு, அம்மாவிடம் சொல்லாதே என்றான்.

நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தீ மிதித்தேன். அவனுக்கு இடம் இல்லை என்று தெரிந்துகொண்டே, அவனுக்கு இடம் கிடைத்ததற்காக மிதித்தேன். தோட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்கும். என் வயசுப் பையன்கள் எல்லாம் பெயர் சொல்லிக் கூவினார்கள், நான் ஓடிய ஓட்டத்தில் குழியை மிதித்தேனா தாண்டினேனா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் அத்தை குடத்தோடு நின்றாள். குனிந்து என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். குதிகாலில் ஒரு கொப்புளம். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுதாடா என்று கேட்டாள். இல்லை அத்தை என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே அது சின்னது.

போட்டியின் முதல் ஆட்டம் நடந்த அன்று லயமே அத்தை வீட்டில் கூடிவிட்டது. பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று எவனோ சொல்லிவிட்டான். சிக்னல் இல்லை என்று நான் என் போனை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண் பிள்ளையின் போனில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தார்கள். அத்தை வேலைச் சேலையை மாற்றி, திருவிழாவுக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடும்போது கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து போகும். அது எனக்குத் தெரியும். படம் சரிகிறது, தூக்கி வைக்கிறேன் என்று போனை எடுத்து, பாட்டு முடியும் வரைக்கும் என் வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். ஆளாளுக்குத் திட்டினார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. மழை, சேறு, ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை. எங்கே எங்கே என்று கேட்டார்கள். முன்வரிசையில் முகமெல்லாம் சேறாக இருந்த ஒருவனைக் காட்டி, அந்தா என்றேன். கைதட்டினார்கள். அந்த முகம் தெரியாதவன் கீழே விழுந்தால் ஐயோ என்றார்கள், எழுந்தால் விசில் அடித்தார்கள். யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு எங்கள் லயம் அன்று முழுக்கக் கத்தியது. நாங்கள் தோற்றோம். அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. நம் பையன் கடைசி வரைக்கும் ஆடினானே என்று சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள்.

நானும் நழுவப் பார்த்தேன். இருடா என்றாள் அத்தை.

"என் புள்ள முட்டுறதுக்கு முன்னால தரையத் தொடுவான். லொறி தள்ளுறப்பவும் தொடுவான். நீ காட்டுனவன் ஒரு தடவையும் தொடல."

சேற்றில் கவனித்திருக்க மாட்டாய் என்று ஏதோ உளறினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"கையக் கால ஒடச்சிக்கிட்டானா?"

"இல்ல அத்தை. நல்லா இருக்கான்."

"காப்பாலயா?"

என்ன சொல்வது? காப்பால்தான் என்றால் அவள் தாங்க மாட்டாள். காப்பால் இல்லை, பொய்யால் என்றால் அந்தப் பொய்யும் காப்பை மறைக்கச் சொன்னது. வாய் நிறையக் கிண்டல் வைத்திருக்கிறவன், அன்று தலையைக் குனிந்துகொண்டு அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தைக்கு அது போதும்.

கொஞ்ச நேரம் கழித்து, அவனுக்குப் போன் போட்டுக் கொடு என்றாள். போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் இருந்தது, அவளுக்கு அதை மாற்றத் தெரியாது.

"பாத்தேன்பா. எல்லாரும் சேந்துதான் பாத்தோம். நல்லா ஆடுன. மழையில ரொம்ப நனையாத" என்றாள்.

எதைப் பார்த்தாய் என்று அவன் கேட்கவில்லை. சரிம்மா என்றான். சாப்பிட்டாயா என்று இவள் கேட்டாள், சாப்பிட்டேன் என்று அவன் சொன்னான். அதோடு வைத்துவிட்டார்கள். போனை என்னிடம் நீட்டிவிட்டு, எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடாதே, நான் பார்த்ததாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னாள். மகன் சொல்லாதே என்றான், இப்போது அம்மாவும் சொல்லாதே என்கிறாள். எந்த ரகசியத்தையும் பெரகல சந்தி வரைக்கும் கொண்டுபோய் விற்கிறவன் என்று பெயர் எடுத்த என்னிடம் கொண்டுவந்து இரண்டு பேரும் பூட்டி வைத்தார்கள்.

தடியன் அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வரவில்லை. கழகத்தையும் விட்டுவிட்டான். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் திரும்பவும் மூட்டை இறக்குகிறான். தீபாவளிக்கு வரவில்லை, கடையில் வேலை அதிகம் என்றான். பொங்கலுக்கும் அதே வேலை அதிகம். அத்தைக்குச் சேலை அனுப்பினான். அதை மடிப்பு கலையாமல் வைத்திருக்கிறாள். லயத்தில் யாராவது அடுத்த ஆசியப் போட்டி எப்போது என்று கேட்டால், அது பெரிய ஆட்கள் தீர்மானிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். அவன் எப்போது வருவான் என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்பாள். என் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

போன வாரம் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. நான்தான் ஆட்டோவில் ஹல்துமுல்லைக்குக் கொண்டுபோய் மருந்து எடுத்துக் கொடுத்தேன். திரும்பும்போது பாலத்தில் ஆட்டோவை மெதுவாக்கினேன். அவள் முனியாண்டியைக் கும்பிடவில்லை. கீழே மெயின் ரோட்டுக்கு இறங்குகிற வளைவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பனிதான் இருந்தது. வீடு வரைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை. என்னடா இன்றைக்கு வாய் வலிக்கிறதா என்று அவளே கேட்டாள்.

நேற்று இதே சீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறார்கள். அவன் வராததற்குக் காரணம் அம்மாவுக்கு உண்மை தெரிந்துவிடுமோ என்கிற பயம் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வந்துவிடுவான். அத்தைக்குக் கொடுத்த வாக்கு போனால் போகட்டும், என் வாக்கை எவன் நம்பினான். போனை எடுத்து அவனுக்கு எழுதினேன்: டேய் தடியா, ஒங்கம்மாவுக்கு அன்னைக்கே எல்லாம் தெரியும், நீ ஆடலன்னு தெரிஞ்சுதான் பாத்தேன்னு சொன்னாங்க, இனி ஒளியாம வீட்டுக்கு வந்து சேரு.

அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று பெருமையாக ஒரு டீ வாங்கினேன். பார்த்துவிட்டான் என்று போனில் காட்டியது. டீ ஆறிப்போனது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

"அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்கன்னு அன்னைக்கே தெரியும்டா, அதனாலதான் வரல."